மாமாவின் இரும்புப் பெட்டியும் நிற்கக்கூடாத காரும்

காங்கேசன்துறையில் பழைய சாமான்களை ஏலம் விட்ட இடத்திலிருந்து மாமா ஓர் இரும்புப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பவர் சப்ளை என்றார். வீட்டுக் கரண்டை வாங்கி, பற்றரியிலிருந்து வருகிற கரண்டாக மாற்றித் தருமாம். அதுவும் லொறி பற்றரியின் பலத்தோடு.

"உதாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்று அம்மா கேட்டார்.

அதைத்தான் மாமா இனிமேல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதலில் அண்ணையின் றேடியோவை அதில் கொழுவினார். பாட்டு வரவில்லை, புகை வந்தது. பிறகு மாட்டுக்கொட்டிலில் ஒரு கார் லைற்றைப் பூட்டினார். மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் உடுவில் ஊர் முழுக்க ஓடியது. எனக்கோ ஒவ்வொரு நாளும் திருவிழா. பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டியடிக்குத்தான் ஓடுவேன்.

கடைசியில் பெட்டிக்கு வேலை கிடைத்தது. மாமாவின் கிழட்டுக் காரில் பற்றரி செத்துப்போயிருந்தது. தடித்த வயர்களைப் பெட்டியிலிருந்து இழுத்து வந்து காரில் பிடித்தார். ஒரே இழுவையில் எஞ்சின் உறுமியது! அயலட்டையெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

ஒரேயொரு சிக்கல். பெட்டி வீட்டில் இருந்தது. கார் வெளியே போகவேண்டியிருந்தது. போன இடத்தில் எஞ்சின் நின்றால் திரும்பக் கிளப்ப முடியாது. அக்சிலேற்றரை மிதித்தபடியே இருக்கவேண்டும், காலை எடுத்தால் அணைந்துவிடும். அதனால் மாமா கோயிலுக்குப் போனாலும் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டுவிட்டு வந்தார்.

அண்ணை ஜெர்மனிக்குப் புறப்பட்ட நாளில் அப்பா வாடகைக் கார் பிடிக்கலாம் என்றார். மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ரை கார் நிக்கேக்கை என்ரை மருமோன் வாடகைக் காரிலையோ போறது?" என்றார். அண்ணையை ரயிலேற்ற எல்லோரும் அதிலேயே யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போனோம்.

பெட்டி படுக்கை தூக்க மாமாவும் இறங்கவேண்டியிருந்தது. யார் மிதிப்பது?

"நான்!" என்று கத்தினேன்.

சீற்றின் நுனியில் இருந்து, ஸ்ரேறிங்கைக் கட்டிப்பிடித்து மிதித்தேன். கார் முழுவதும் என் காலுக்குள் துடித்தது. ஒன்பது வயதில் அதைவிட வேறென்ன வேண்டும்? எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணை மட்டும் திரும்பி ஓடிவந்தார்.

"ஒருக்கா இறங்கி வாவன் பிள்ளை. கோச்சி வெளிக்கிடப்போகுது."

"ஏலாது அண்ணை. கார் நிண்டிடும்!"

அண்ணை சிரித்தார். யன்னலுக்குள்ளால் கையை விட்டு என் தலையை ஒருதரம் அழுத்திப் பிடித்தார். "அப்ப விடாதை" என்று சொல்லிவிட்டு ஓடினார். கோச்சி கூவியதுகூட எஞ்சின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டு முற்றத்தில் மாமா எஞ்சினை நிறுத்தினார். "அம்மா, ஒருக்காக்கூட நிக்கேல்லை!" என்றேன். அம்மா காரைவிட்டு இறங்காமல் அப்படியே இருந்தார். என்னை ஏன் ஒருவரும் மெச்சவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அண்ணையை நான் மறுபடி கண்டபோது எனக்கே இரண்டு பிள்ளைகள். அம்மா அவரைப் பிறகு காணவேயில்லை. அன்று கார் நின்றிருந்தால்தான் என்ன? ஓரமாகத் தள்ளிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருப்போம். அந்த யோசனை எனக்கு வரவில்லை. கால் உளையுது, கால் உளையுது என்று அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.