மாம்பலம் கேட்டுல நின்ன வண்டி

ரெண்டாவது ஒலகச் சண்டை காலம், பெட்ரோலுக்கு ரேஷன். டாக்சி ஓட்டின என் வூட்டுக்காரரு பெட்ரோலோட ஸ்பிரிட்டு கலந்து பீப்பாய்ல வெச்சிருந்தாரு. எனக்குப் பிரசவ வலி வந்த மத்தியானம், அவரு சட்டை மாட்றதுக்குள்ள, எங்க மாமியா ஒரு டின்னு புடிச்சி வண்டில ஊத்திட்டாங்க. அலசாத ஏனத்துல அவங்க பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டாங்க.

எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினவரு, மாம்பலம் ரயில் கேட்ட மூடறதுக்குள்ள பூந்துடலாம்னு போனாரு. நடு தண்டவாளத்துல வண்டி இருமிட்டு நின்னுடிச்சி.

"அம்மா, டின்ன இன்னா பண்ண?"

"தண்ணி ஊத்தி அலசினேன் நைனா. அழுக்கு டின்னுலயா ஊத்தறது?"

அவரு மூஞ்சி வெளுத்துடிச்சி. "ஸ்பிரிட்டு அந்தத் தண்ணிய இழுத்துக்கினு அடில உக்காந்துடும்மா. இனிமே கெளம்பாது."

ரயிலு இன்னும் கண்ணுக்குத் தெரியல. ஆனா வண்டித் தகரம் நடுங்கறது என் உள்ளங்கால்ல ஏறிச்சி.

கேட்டுக்காரரு செவப்புக் கொடியோட ரயிலப் பாத்து ஓடினாரு. மாமியா முந்தானைய சொருவிக்கினு, புள்ளயோட சேந்து வண்டியத் தள்ளினாங்க. அத்தினி நாளா வூட்ல அவங்க என்னைப் புடிச்சித் தள்ளினதெல்லாம் இதுக்கு ஒத்திகைதான் போல.

வண்டி தாண்டினதும் பின்னாடியே ரயிலு கத்திக்கினு போச்சி.

கேட்டுக்காரரு குடிசைலயே என் மூத்தவன் பொறந்தான். எனக்குக் கஞ்சி ஊத்த மாமியா ஒரு கிண்ணத்த அலசினாங்க. அப்பறம் கவுத்துப் புடிச்சி, கடைசி சொட்டு விழற வரிக்கும் பாத்துக்கினே நின்னாங்க. கிண்டல் பண்ண வாயத் தொறந்தேன், அப்பறம் கஞ்சிய வாங்கிக் குடிச்சேன்.

இன்னிக்கும் ஈர ஏனத்தப் பாத்தா என் உள்ளங்காலு நடுங்குது.