பழனிவேல் வீட்டுக் குலதெய்வம்

குடித்த காபி டம்ளரைக் கல்யாணமான நாள் முதல் ஒருதரம்கூடக் கழுவியறியாத பழனிவேல், தினமும் காலையில் அந்தக் கல்லைக் கழுவினார். பால் ஊற்றித் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பார். டம்ளரைக் கழுவியபடி அமராவதி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கே போனாலும் எதையாவது எடுத்துக்கொண்டு திரும்புகிற ஆள் அவர் என்பது சிதம்பரத்தில் அவர்கள் தெருவுக்கே தெரியும். ஓட்டலில் சர்க்கரைப் பொட்டலம், லாட்ஜில் சோப்பு, கல்யாண மண்டபத்தில் வாழைக்குலை. மே மாத லீவில் திருவக்கரை போனார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கையோடு கல்மரப் பூங்காவையும் பார்த்தார்கள். இரண்டு கோடி வருஷத்து மரங்கள் கல்லாகிக் கிடந்தன. எடுத்தால் தண்டனை என்று போர்டு இருந்தது. பழனிவேல் அதைக் குடும்பத்துக்குச் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்தார்.

"அவ்ளோ கெடக்குது, ஒண்ணு கொறஞ்சா தெரியவா போவுது" என்றார், திரும்பும் வழியில் வேனுக்குள்.

ரெண்டு வருஷமாக முடியாது என்றவர், அடுத்த மாதமே மகள் தமிழினியை அவள் விரும்பிய பையனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். சம்மதித்தவர் அவர், நல்ல பெயர் கல்லுக்குப் போனது; கல் பூஜை அலமாரிக்குப் போனது.

பூ வைக்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா அன்பரசு பூஜை அலமாரி முன்னால் நின்றுவிட்டார்.

"இந்த மாரி கல்லு எங்க வீட்லயும் இருக்குதே சம்மந்தி."

பழனிவேலுக்கு அந்தப் போர்டு கண்முன் வந்திருக்க வேண்டும். "எங்க குலதெய்வம்ங்க. பாட்டன் காலத்துலேர்ந்து கும்புடுறோம்."

"எங்களுக்கும் அதாங்க குலதெய்வம்" என்றார் அன்பரசு, அதைவிட அவசரமாக.

"போன வருஷம் டூரு போனப்பதான..." என்று ஆரம்பித்த அவர் மனைவி மாலதி, புருஷன் பார்த்த பார்வையில் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

கூட வந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஒரே குலதெய்வம்னா பங்காளி ஆச்சே. அண்ணன் தங்கச்சி மொறைக்கு எப்டி பூ வைக்கிறது?"

முதலில் உண்மையைச் சொல்கிறவர்தான் திருடர். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். பூத்தட்டைப் பிரிக்கலாமா என்று கேட்க வாயெடுத்த அமராவதி, பட்டுப்புடவையில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்து அடங்கினாள்.

"அப்பா, அந்தக் கல்லு எப்டி வந்துச்சுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள் தமிழினி.

பழனிவேல் ஒரு வெற்றிலையை எடுத்து, மெதுவாகக் காம்பு கிள்ளினார். அடுத்த வெற்றிலையை எடுத்தார். தமிழினி பட்டுப்புடவையை மாற்ற உள்ளே போனாள்.