எதை வைத்துப் பார்த்தார்கள்?

மகனின் காது மெஷினுக்குப் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தபோது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மெர்லின் மிஸ் போய்விட்டார். மாரடைப்பு. "திடீர் மறைவு" என்று ஒருவர் போட்டார். மற்றவர்களும் அதையே போட்டார்கள். அது திடீர் மறைவு இல்லை. எல்லோரும் அஞ்சலி எழுதி முடித்தபின் நான் பிந்தி எழுதுவது இதைச் சொல்லத்தான்.

மட்டக்களப்பில் ஒரே பாடசாலையில் நாங்கள் இருவரும் ஆங்கிலம் படிப்பித்தோம். என் மகன் இரண்டு வயது கடந்தும் பேசவில்லை. கிளினிக்கிலும் வீட்டிலும் ஒரே பதில்: "நோர்மல். ஆம்பிளப் புள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும்." ஆசிரியர் அறையில் அதைச் சொன்னேன். மெர்லின் மிஸ் சோற்றுப் பெட்டியை மூடினார்.

"நோர்மல் எண்டா என்ன புள்ள?"

"வழமையா நடக்கிறது."

"அது பிறகு வந்த கருத்து. லத்தீன்ல நோர்மா எண்டா மரவேலை செய்யிற ஓடாவிமார்ர மூலைமட்டம். எங்கட அப்பா கதவு நிலை சரியா நிக்குதா எண்டு வச்சுப் பார்ப்பார், அதுதான். வச்சுப் பார்த்தாத்தான் சொல்லலாம். உன்ட புள்ளைக்கு ஆர், எதை வச்சுப் பார்த்தது?"

ஒருவரும் எதையும் வைத்துப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மருத்துவர் மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். "டொக்டர், காதை டெஸ்ட் பண்ணிப்போட்டு அந்தச் சொல்லைப் பாவியுங்க. அதுவரைக்கும் தெரியாது எண்டு சொல்லுங்க" என்றார் மிஸ்.

"நீங்க பிள்ளைக்கு யார்?"

"ஒருத்தரும் இல்ல. இங்கிலிஷ் டீச்சர்."

பரிசோதித்தார்கள். இரண்டு காதுமே சரியாகக் கேட்கவில்லை.

போன தவணையில் அவர் பாடசாலை மாடிப்படியில் பாதியில் நின்றார். நெஞ்சைப் பிடித்திருந்தார். ஏற்கெனவே வேறொரு மருத்துவரிடம் காட்டினாராம். இந்த வயதுக்கு, இந்த உடம்புக்கு இது நோர்மல் என்றாராம் அந்த மருத்துவர்.

"எதை வச்சுப் பார்த்தவர், மிஸ்?"

"ஸ்டெதஸ்கோப்பக் கூட வைக்கல்ல" என்று சிரித்தார்.

"அப்ப வாங்க, இசிஜி எடுப்பம்."

"சோதினைப் பேப்பர் திருத்தி முடியட்டும் புள்ள."

"எனக்காக அந்தச் சண்டை பிடிச்சீங்க. உங்களுக்காகப் பிடிக்க ஏலாதா?"

"மற்றாக்களுக்குச் சண்டை பிடிக்கிறது லேசு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். பேப்பர்களைத் திருத்தி முடித்துவிட்டார். இசிஜி எடுக்கவே இல்லை.

அந்த மருத்துவர் மீது எனக்குள்ள கோபத்தை இங்கே எழுத முடியாது. அவ்வளவு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்த மிஸ் மீதும் கோபம்தான்.

செத்தவீட்டில் இன்னொரு ஆசிரியை என் தோளில் கைவைத்து, "இப்பிடிக் கோபம் வாறதும் நோர்மல்தான்" என்றார். "எதை வச்சுப் பார்த்தனீங்க?" என்றேன். கையை எடுத்துவிட்டார்.

மிஸ், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியை. மகனுக்காகக் கேட்பேன், எனக்காகவும் கேட்பேன். உங்களுக்காக நீங்கள் கேட்காமல் விட்டதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.