பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்

குறுவை நெல் முற்றிக் கதிர்கள் தலைசாய்ந்து நின்ற ஒரு புரட்டாசியில், எங்கள் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரு கேள்வி வந்தது. ஒரு குடும்பம் ஓரளவு வசதியாக வாழ மாதம் எவ்வளவு வருமானம் இருந்தால் போதும்? கேட்டவர் சப் கலெக்டர். நாள் கூலியில் ஒரு படி நெல் கூட்டித் தர வேண்டும் என்று எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கமும், முடியாது என்று மிராசுதார்களும் முறைத்துக்கொண்டு நின்றதால், இரு தரப்பையும் வியாழக்கிழமை தாலுகா அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். வரும்போது இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும் என்பது அவருடைய கடிதத்தின் கடைசி வரி.

அந்த வரியை நான் ஏழெட்டு முறையாவது படித்திருப்பேன். எங்கள் தெருவில் பி.ஏ. முடித்தவள் நான் ஒருத்திதான், படித்ததும் பொருளாதாரம். தேர்வு முடிவு வந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அஞ்சல்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதுவரை எங்களிடம் எவரும் கேட்டது, என்ன கூலிக்கு வருகிறாய் என்பது மட்டுமே. வாழ்வதற்கு என்ன ஆகும் என்று அரசாங்க முத்திரையிட்ட ஒரு தாள் கேட்டது அதுவே முதல் முறை. ஆட்சி மாறியிருந்தது, ஏழைகளின் பெயரைச் சொல்லி வந்த ஆட்சி என்பதால், அலுவலகங்களில் எங்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்லும் வழக்கம் மெல்ல வந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்வியை நான் அதைவிடப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதில் ஆபத்தும் இருந்தது. பேச்சு முறிந்தால் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்துவிடுவார்கள். முந்தைய ஆண்டு அப்படித்தான் நடந்தது. வரப்பில் மறித்து நின்ற இருபது பேர் மீது வழக்கு; என் அப்பாவும் அதில் ஒருவர். இன்னொரு முறை மறித்தால் இந்தத் தடவை வாய்தாவோடு நிற்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவின் அரிவாளை மட்டும் இரண்டு முறை இடம் மாற்றி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, கோடு போட்ட நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகக் கிளம்பினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய், சோப்பு, துணி, மருந்து, பள்ளிக்கூடம், கூரை, பண்டிகை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று பன்னிரண்டு தலைப்புகள். சங்கச் செயலாளர் கடைசித் தலைப்பைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"ஏம்மா பி.ஏ., பொழுதுபோக்குன்னா என்னம்மா?"

"சினிமா, மாமா. தஞ்சாவூர்ல பெரிய கோயில் பாக்கப் போறது. திருவையாத்துல பாட்டுக் கேக்கறது."

"நாம திருவையாத்துக்குப் போறது நாத்துப் பறிக்கத்தானே. சரி எழுது. வசதியான்னு அவங்கதானே கேட்டிருக்காங்க."

அன்று மாலைக்குள் நாற்பத்திரண்டு வீடும் முடிந்துவிட்டது. எல்லோரும் பதில் சொன்னார்கள், சிரித்த முகமாகச் சொன்னார்கள். கிழக்கு வீட்டு அக்காவிடம் நான் பேசியதை இங்கே மாதிரிக்கு எழுதுகிறேன்.

"சோப்பு மாசம் எத்தனை இருந்தா போதும்க்கா?"

"மாசமா? வருஷத்துக்கு ரெண்டு இருந்தா போதும். தலைக்குத்தான் களிமண்ணு இருக்கே."

"சேலை?"

"பொங்கலுக்கு ஒண்ணு."

"இந்தப் பொங்கலுக்கு எடுத்தீங்களா?"

"இந்தப் பொங்கலுக்கு இல்ல."

புதன்கிழமை விடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். கூலி நெல்லைச் சந்தை விலைப்படி பணமாக மாற்றி, வேலை இல்லாத மாதங்களைக் கழித்து, ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு என்று வகுத்தேன். கூட்டலில் பிழை இருக்க வேண்டும் என்று நினைத்து மறுபடி போட்டேன். பிழை இல்லை. எங்கள் தெரு வசதியாக வாழ்வதற்குப் போதும் என்று சொல்லியிருந்த தொகை, அப்போது எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தோம்னா, இத்தனை வருஷம் அதிகமா வாங்கித் தின்னதைத் திருப்பிக் குடுன்னு பண்ணையார் நோட்டீஸ் விடுவாரு."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மறுநாள் பேச்சு. என் கையிலிருந்த தாளே எங்களுக்கு எதிரான சாட்சி. தாள் இல்லாமல் போனால், என்ன வேண்டும் என்றே தெரியாமல் கேட்கிறவர்கள் என்றாகிவிடும்.

எங்கே தவறினேன் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது எழுத முடிகிறது. களத்தில் கூலி நெல்லை முந்தானையில் வாங்கும்போதும், பண்ணை வீட்டுப் பின்கட்டில் கூழ் வாங்கும்போதும், ஊற்றுகிற கை நிற்பதற்கு முன்பே "போதும்ங்க" என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். சொல்லாமல் நின்றால் பேராசைக்காரி. ஏழு வயதில் ஒருமுறை நான் சொல்லாமல் நின்றதற்கு அம்மா மணிக்கட்டில் தட்டியது நினைவிருக்கிறது. அப்படி வளர்ந்த பெண்களிடம் நோட்டும் பேனாவுமாகப் போய், உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? மூன்று வருடம் பொருளாதாரம் படித்தவளுக்குத் தன் தெருவின் இந்தப் பழக்கம் கணக்கில் வராமல் போயிற்று.

கோபத்தோடு கிழக்கு வீட்டுக்குப் போனேன்.

"வருஷத்துக்கு ரெண்டு சோப்புன்னு யாருக்கா நம்புவா? மனசறிஞ்சு சொல்லுங்க."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கென்னடி கொறச்சல்? நீ எதிர்வீட்டுக்குப் போய் எழுது. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, வெளிய போட்டுக்கிட்டுப் போக ஒரே பாவாடை. ஒண்ணு ரேஷனுக்குப் போனா இன்னொண்ணு உள்ளாறயே கெடக்கும். பெரியவ எட்டாவது படிக்குது. வெளக்குக்குச் சிமினி ஒடைஞ்சு ஆறு மாசமாச்சு. பொகையில படிச்சுப் படிச்சுக் கண்ணு ரெண்டும் மொளகாப் பழம். அவ கேக்கமாட்டா. சோப்பே மாசம் நாலு வேணும் அந்த வீட்டுக்கு. நாலு போட்டுக்க."

நான் எழுதத் தொடங்கியிருந்தேன். மண்ணெண்ணெய், சிமினி, பாவாடை இரண்டு, சோப்பு நான்கு. அவள் நிறுத்தவே இல்லை. பிறகு எதிர்வீட்டுக்கு ஓடினேன், உண்மையிலேயே ஓடினேன்.

"அவளா சொன்னா?" எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முதலில் முகம் சிவந்தது. அடுத்த நொடியில் கை இடுப்புக்குப் போனது. "அவ வீட்டுக் கூரைய நீ அண்ணாந்து பாத்திருக்கியா? மழை வந்தா மூணு சட்டி வச்சுட்டு நடுவுல உக்காந்திருக்கா. கீத்து எரநூறு வேணும், மூங்கில் தனி. அவ வீட்டுக்காரருக்கு மாரு வலி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டணும்னா பஸ்ஸுக்கு மட்டும் என்ன ஆகும், எழுது. வருஷத்துக்கு ரெண்டு சோப்பாம். பெருமை பிடிச்சவ."

வீட்டுக்கு வீடு அதுவேதான் நடந்தது. தன்னைப் பற்றிக் கேட்டபோது இரண்டு சொல்லில் முடித்தவர்கள், பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டதும் நோட்டின் ஓரத்திலும் எழுதவைத்தார்கள். யார் வீட்டில் உப்பு எப்போது தீரும், எந்தப் பிள்ளைக்கு இருமல், எவள் விசேஷத்துக்கு வராமல் இருந்தது கட்டிக்கொள்ளச் சேலை இல்லாமல் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நான் நேற்று கேட்டதற்கு இன்று பக்கத்து வீடு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. என் கை வலித்தது. நிறுத்த மனம் வரவில்லை.

மேற்கு வீட்டுச் சின்னம்மாவிடம் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முறை வந்தது.

"உங்க அம்மாவுக்கு மொதல்ல கண்ணாடி போடு" என்றாள்.

"எங்கம்மாவுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

"அரிசியில கல்லு எப்படிப் பொறுக்குதுன்னு பாரு. வெரலால தடவித்தான் பொறுக்குது. ரெண்டு வருஷமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒன் பரீட்சை முடியட்டும், வேலை கெடைக்கட்டும்னு சொல்லாம இருக்கு."

எங்கள் வீட்டுக்கு எதிரே 'மூக்குக்கண்ணாடி' என்று எழுதினேன். அடுத்த வீட்டுக்குப் போகுமுன் வாய்க்கால் மதகில் சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிற்பகலில் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. இந்தத் தாளை நாளை அந்நிய ஆண்கள் படிப்பார்கள். யார் வீட்டில் எத்தனை பாவாடை என்பதைத் தாலுகா அலுவலகத்தில் வாசிக்க எனக்கு யார் உரிமை தந்தது? கூலிக்காக மானத்தை விற்றோம் என்று பிறகு ஒரு பெண் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? அடிபம்பு அருகே பெண்களைக் கூட்டி, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு எழுதுவதாகச் சொல்லி, சம்மதம் கேட்டேன். முணுமுணுப்போடு ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். "எங்க வீட்டு அடுப்பப் பத்திப் பேச அவ யாரு?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டைத் தாளிலிருந்து அடித்துவிட்டேன். ஆகவே நாற்பத்தொரு வீடுகள்.

இப்போது ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாத வருமானம் முந்தைய தொகையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது.

வியாழக்கிழமை செயலாளர், கிழக்கு வீட்டு அக்கா, எதிர்வீட்டுப் பெண், நான் நால்வரும் போனோம். மிராசுதார்களுக்காகப் பேசியவர் ஒரு வக்கீல். அவருக்கும் நிலம் உண்டு. குரலை உயர்த்தாத மனிதர். உர விலை, அரசாங்கத்துக்கு லெவியாக அளக்கும் நெல், நில உச்சவரம்புச் சட்டத்தில் போன நிலம் என்று அவர் அடுக்கியதில் பொய் எதுவும் இல்லை. அதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு என் தாளைக் கையில் எடுத்தார்.

"பொருளாதாரம் படிச்சிருக்கீங்களாமே. இதுல மாசம் ஒரு சினிமா எழுதியிருக்கு. அதுவும் அத்தியாவசியமாம்மா?"

"அத்தியாவசியம்னு எழுதலைங்க. வசதியா வாழ எவ்வளவுன்னுதான் கேட்டிருந்தாங்க."

சப் கலெக்டர் தலையசைத்தார். வக்கீல் விடவில்லை. "சார், இந்தத் தொகை கிட்டத்தட்ட இங்க இருக்கிற குமாஸ்தா சம்பளம். களை பறிக்கறவங்க குமாஸ்தா மாதிரி வாழணுமாம்."

ஓரமாக உட்கார்ந்து நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலை நிமிராமலே சொன்னார். "அதுவே பத்தலைங்க சார்."

சப் கலெக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று எண்ணிவிட்டேன். அப்போதுதான் வக்கீல் தாளை மேசையில் வைத்துவிட்டு, கிழக்கு வீட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தாளெல்லாம் படிச்ச புள்ள எழுதினது. நீ சொல்லும்மா. ஒன் குடும்பத்துக்கு எவ்வளவு இருந்தா போதும்?"

அவர் எங்கள் ஊர்க்காரர். களத்து மேட்டில் வளர்ந்தவர். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு நாள் தாமதமாகக் கண்டுபிடித்ததை அவர் பிறந்ததிலிருந்து அறிந்தவர். குறுக்கே பேசலாமா என்று யோசித்தேன். பேசினால், சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தோம் என்று ஆகும். செயலாளர் தரையைப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு இருக்கறதே போதும்ங்க" என்றாள்.

வக்கீல் சப் கலெக்டரைப் பார்த்தார்.

"ஆனா இவளுக்குப் பத்தாதுங்க" என்று அக்கா பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இவளுக்கு அந்தத் தாள்ல உள்ளது அத்தனையும் வேணும்."

"பொய்ங்க" என்று எதிர்வீட்டுப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "நான் சமாளிச்சுக்குவேன். இவங்களுக்குத்தாங்க பத்தாது. வீட்டுக்காரருக்கு மாரு வலி. கூரைய வந்து பாருங்க, ஐயா வேணும்னா இன்னிக்கே வாங்க."

"நீ உக்காருடி."

"நீ மொதல்ல சும்மா இரு அக்கா."

எண் மட்டும் போட்டு நான் மறைத்ததையெல்லாம் அவர்கள் இருவரும் அந்த அறையில் விரித்து வைத்தார்கள். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, ஒருத்திக்காக இன்னொருத்தி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வக்கீல் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் யாருக்கும் லாபமில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

மூன்று மணிக்குக் கையெழுத்தானது. ஒரு படி கேட்டோம். முக்கால் படி கிடைத்தது. உள்ளூர் ஆட்கள் இருக்கும்வரை வெளியூர் ஆட்களை இறக்குவதில்லை என்ற வரியும் சேர்ந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அப்பா வரப்பில் மறிக்க வேண்டியதில்லை.

திரும்பும் பேருந்தில் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முக்கால் படியில் எங்கள் தாளின் எத்தனை தலைப்புகள் அடங்கும் என்று போட்டுப் பார்த்தேன். அரிசியும் மண்ணெண்ணெயும் சோப்பும் தேறும். துணியில் பாதி வரும். கூரையும் மருத்துவமும் வெளியேதான் நிற்கும். வசதி என்று நாங்கள் எழுதியதற்கு இன்னும் நெடுந்தூரம். அப்படியும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தூரம் எவ்வளவு என்பதாவது இப்போது ஒரு தாளில் இருந்தது. அரசாங்கக் கோப்பில் அதன் நகல் இருந்தது. செயலாளரிடம் இதைச் சொன்னேன்.

"கால் படியை விட்டுட்டு வந்திருக்கோம், அதை மறந்துடாத" என்றார். ஆனால் அவரும் சீட்டியடித்துக்கொண்டுதான் வந்தார்.

வெள்ளிக்கிழமை அறுவடை தொடங்கியது. தெருவே காலியாகிக் கிடந்த முற்பகலில், வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பெண்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் ஊருக்கு அடுத்த வாரம் பேச்சு.

"பி.ஏ. வீடு இதானேங்க? எங்க தெருவுக்கும் வந்து எழுதணும். தன்னைப் பத்திச் சொல்லக் கூடாதாமே, பக்கத்து வீட்டைப் பத்தித்தான் சொல்லணுமாமே."

"ஆமாம்" என்றேன்.

"அப்ப இவ வீட்டுல ஆரம்பிங்க" என்று ஒருத்தி மற்றவளின் தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள். "இவளுக்கு எது இல்லைன்னு சொல்ல ஒரு நோட்டு பத்தாது."

"இரு, இரு. ஒன் வீட்டைப் பத்தி நான் சொல்லிட்டு அப்பறம் நீ சொல்லு."

பேனாவில் மை ஊற்றிக்கொள்ளக்கூட அவர்கள் எனக்கு அவகாசம் தரவில்லை.