விசில் ஊதும் நரம்பு

1. காற்று மட்டும்

“ஊதுங்க” என்றேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. குமரவேல் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து தன்னுடைய விசிலை எடுத்து வாயில் வைத்தார். கொடைக்கானலிலிருந்து பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடி போகும் பேருந்தில் அவர் கண்டக்டர். இடது காதைச் சுற்றிக் கட்டு, கழுத்தோரம் ரத்தநீர் வடிய ஒரு ட்ரெயின் குழாய். மூச்சை இழுத்து ஊதினார். வாயின் இடது ஓரமாகக் காற்று புஸ்ஸென்று கசிந்ததே தவிர விசிலில் சத்தம் இல்லை.

“இன்னொரு தடவ.”

இன்னொரு தடவையும் காற்றுதான்.

“என்னங்க டாக்டரம்மா, வெறுங் காத்தா வருது?” என்று கேட்டார். கேட்கும்போது வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டது. கட்டில் ஓரம் நின்ற அவர் மனைவி பாண்டியம்மாள் அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“வரும்” என்றேன். எப்போது வரும் என்று அவர்கள் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

இந்த மலையில் நெடுங்காலமாக சர்ஜனாக இருக்கிறேன். குடல்வால், ஹெர்னியா, தைராய்டு என்று வருவதையெல்லாம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. காலில் சக்கரம் கட்டியவள் என்று நர்சுகள் எனக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆளுக்கு ஆண்டவன் பரோடிட் ஆபரேஷனைக் கொடுத்திருக்கவே கூடாது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக என்னைப் போல அவசரக் குடுக்கைகளுக்கு, இதை எழுதுகிறேன்.

2. தங்கச் சங்கிலியும் கன்னக் கட்டியும்

பரோடிட் என்பது காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் எச்சில் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குகிறதே, அதேதான். குமரவேலுக்கு இடது கன்னத்தில் லேசாக வீக்கம் தெரிந்தபோது பாண்டியம்மாளும் அப்படித்தான் நினைத்துத் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றிப் புருஷன் கழுத்தில் போட்டுவிட்டார். சங்கிலி வேலை செய்யவில்லை. பிறகு டெப்போவில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். விசில் ஊதி ஊதிக் கன்னத்துக்குள் காற்று புகுந்துவிட்டதாம். அதை நம்பி இவரும் விசிலை இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டிவிட்டார்.

என்னிடம் வரும்போது கட்டி நெல்லிக்காயைத் தாண்டிவிட்டது. காது மடலை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. வலி கிடையாது. முகம் கோணவில்லை. அழுத்தினால் காற்று மாதிரி அமுங்காமல் கெட்டியாக விரலடியில் நகர்ந்தது. ஊசி குத்தி எடுத்த சாம்பிளை மதுரைக்கு அனுப்பினோம். அங்கே சாம்பிளைச் சோதித்துச் சொல்லும் பேதாலஜிஸ்ட் டாக்டர் நசீமா என் கல்லூரித் தோழி. ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று சொன்னாள்.

“கேன்சர் இல்லைங்க. ஆனா அப்படியே விட்டா என்னைக்காவது ஒரு நாள் குணம் மாறலாம். எடுத்திடணும்” என்றேன்.

“சின்னதாக் கீறிக் கட்டிய மட்டும் பிதுக்கி எடுத்துற முடியாதுங்களா? ரெண்டு நாள் லீவுல சோலி முடிஞ்சுரும்ல.”

“அப்படி எடுத்தா கட்டியோட உறை கிழியும். உள்ள இருக்கிறது சிந்துச்சுன்னா விதை போட்ட மாதிரி பத்து எடத்துல மொளைக்கும். சுத்தி இருக்கிற சுரப்பியோட சேர்த்துதான் எடுக்கணும்.”

சிக்கல் அந்தச் சுரப்பிக்குள்தான் இருக்கிறது. முகத்தை அசைக்கும் ஃபேஷியல் நர்வ் அதற்கு உள்ளேயே நுழைந்து கிளை கிளையாகப் பிரிந்து போகிறது. நெற்றியைச் சுருக்க ஒன்று, கண்ணை மூட ஒன்று, வாயைக் குவிக்க ஒன்று என்று. இதையெல்லாம் என் உள்ளங்கையை அவர் கன்னத்தருகே விரித்துக் காட்டிச் சொன்னேன்.

“மொகம் கோணிப் போகும்னு ஒரு பேச்சு கெடக்கே, அது நெசங்களா?”

“போகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாத்துச் செய்வேன்.”

“அழகு போனாப் போகட்டும் டாக்டரம்மா. எனக்கு விசில் ஊதணும்.”

சிரித்துவிட்டேன். அதுதான் வண்டியில் பெல் இருக்கிறதே, கயிற்றை இழுத்தால் போயிற்று என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெல்லு வண்டிக்குள்ள. வளைவுல எதுத்தாப்புல லாரி வந்தா நாந்தான எறங்கிப் பின்னாடி நிக்கணும்? டிரைவர் சன்னாசி அண்ணனுக்குக் கண்ணாடியில பனிதான் தெரியும். விட்டு விட்டு ஊதுனா பின்னாடி வா. நீட்டி ஒண்ணு குடுத்தா நில்லு. ரெண்டு குடுத்தா ரைட்டு, கெளம்பு. நீட்டி ஊத வேண்டிய எடத்துல காத்துப் போச்சுன்னா வண்டி சனத்தோட பள்ளத்துல கெடக்கும்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

3. கட்டி மேல் கிளை

மயக்க மருந்து டாக்டர் ஜெயசீலன் வத்தலக்குண்டிலிருந்து வெள்ளனே ஜீப்பில் ஏறி வந்துவிட்டார். இந்த ஆபரேஷனில் தசையை முழுக்கத் தளர்த்தும் மருந்தை அவர் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. நரம்பைத் தொட்டால் முகம் துடிக்க வேண்டும், அதை வைத்துத்தான் நாங்கள் நரம்பை அடையாளம் காண்போம்.

காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி, கழுத்துக்கு இறங்கும் கீறல். காதுக் குருத்தெலும்பின் கூர்முனையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஆழம் போனால் நரம்பின் அடிமரம் வெள்ளையாகத் தெரியும். கிடைத்தது. அங்கிருந்து ஒவ்வொரு கிளையாக, மேலே மூடியிருக்கும் சுரப்பியைத் தூக்கித் தூக்கிப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குப் போகும் கிளை சமர்த்தாக ஒதுங்கிக் கிடந்தது. வாய்க்குப் போகும் கிளை அப்படி இல்லை. கட்டி அடியிலிருந்து தள்ளித் தள்ளி அதை நாடா போல நசுக்கித் தன் முதுகின் மேல் ஒட்டவைத்திருந்தது.

நரம்பை வெட்டிக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டால் கட்டியைப் பற்றிக் கவலை இல்லை, ஆனால் விசில் போயிற்று. நரம்பை உரித்து எடுக்கலாம். உரிக்கும்போது கட்டியின் உறை கிழிந்தால், பத்து வருடம் கழித்துக் கன்னம் முழுக்க முத்து முத்தாக மறுபடி வரும்.

உரித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக. என் கை அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது போலிருக்கிறது.

“மேடம், அவசரமா எங்கயாவது போகணுமா?” என்று கேட்டார் ஜெயசீலன்.

“இல்லையே.”

“அப்புறம் ஏன் இப்படிக் காலை ஆட்டுறீங்க? டேபிளே ஆடுது.”

கட்டி முழுசாக வெளியே வந்தது. கடைசியில் லேசாக மின்சாரம் பாய்ச்சி நரம்பைச் சீண்டும் ஸ்டிமுலேட்டரால் அடிமரத்தைத் தொட்டேன். கண் இமை துள்ளியது. வாயின் ஓரம் துடித்ததா, துடிக்க வேண்டுமென்று நான் ஆசைப்பட்டதா என்று எனக்கே தெரியவில்லை. நரம்பு ஒட்டியிருந்த இடம் எது என்று நசீமாவுக்குத் தெரிய, கட்டியின் மேல் அந்த இடத்தில் ஒரு தையல் போட்டு, கெடாமல் ஊற வைக்கும் ஃபார்மலின் டப்பாவில் இறக்கினேன்.

4. ரெண்டு கவலையில் ஒன்று தீர்ந்தது

டப்பா மதுரை போய்ச் சேர்ந்ததிலிருந்து ரிசல்ட் கேட்டு நசீமாவை நான் பிடுங்கி எடுத்தேன்.

“கட்டி ஊறாம எப்படிடி வெட்டுறது? வெட்டுனா ஸ்லைடு கோணலா வரும், அப்புறம் அதுக்கும் என்னத்தான் திட்டுவே” என்று போனை வைத்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டுக்கும் ஓ.பி.க்கும் நடுவில் நடந்தேன். பனி இறங்கியதும் ஏரிக்கரையில் நடந்தேன். கேப்ஸ்யூல், அதாவது கட்டியின் உறை, கிழிந்திருந்தால் வாயும் கோணி, கட்டியும் மிச்சம். அந்த மனிதரிடம் என்ன சொல்வது?

நசீமாவே கூப்பிட்டாள். “அதே அடினோமாதான். கேன்சரா மாறின அடையாளம் எங்கயும் இல்ல. நீ தையல் போட்ட எடத்துல கேப்ஸ்யூல் ரொம்ப மெலிசு, ஆனா விடாம இருக்கு. கிழியல. நரம்ப வெட்டியிருந்தா அநியாயம்டி.”

போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று அழுதேன். நல்ல சேதிக்கு அழுகிற ஆள் நான்.

இனி நரம்பு மட்டும்தான் பாக்கி. வெட்டுப்படாமல் நசுங்கிய நரம்பு பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்குப் பாதியிலேயே நின்றுவிடும். புத்தகத்தில் படிக்க இது ஒரு வரி. டீ குடித்தால் சட்டையில் வழிகிற ஆளுக்கு அது நீளமான வரி. டெப்போவில் குமரவேலை லைன் டூட்டியிலிருந்து எடுத்து டைம் கீப்பர் அறையில் உட்கார வைத்தார்கள்.

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் விசிலோடு வருவார். நான் “ஊதுங்க” என்பேன். காற்று. “இன்னொரு தடவ” என்பேன். காற்று. கண்ணாடி முன்னால் செய்யச் சொல்லியிருந்த பயிற்சியை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். கடைசியாக வந்த அன்றைக்கு உதட்டோரம் மீன் வாய் அசைகிற அளவுக்கு அசைந்தது. சத்தம் இல்லை. அதற்கப்புறம் அவர் வருவதை நிறுத்திவிட்டார்.

போன் அடித்தால் பாண்டியம்மாள், “அவுக சோலிக்குப் போயிருக்காகம்மா, வரச் சொல்றேன்” என்பார். ஆள் வர மாட்டார். நரம்பு வந்ததா, இல்லை மனுஷன் வெறுத்துப்போய் விட்டுவிட்டாரா? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கே போய் விசாரித்தேன். மறுபடி லைன் டூட்டிக்குப் போய்விட்டாராம்.

5. வளைவில் ரிவ்யூ

தாண்டிக்குடியில் எங்களுக்கு ஒரு முகாம். எல்லோரும் ஆஸ்பத்திரி வண்டியில் கிளம்ப, நான் குமரவேலின் பேருந்தில் ஏறினேன்.

குமரவேல் தலையில் குரங்குக் குல்லா, வாயைச் சுற்றி மஃப்ளர். குளிருக்கு எல்லோரும் கட்டுவதுதான், ஆனால் எனக்கு எரிச்சலாக வந்தது. கண் மட்டும் தெரிந்தால் நான் எதைப் பார்ப்பது? டிக்கெட் கிழிக்க வந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்து, “வாங்க டாக்டரம்மா” என்று மஃப்ளருக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு வெரசாகப் பின்னால் போய்விட்டார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கயிற்றை இழுத்தார், “போலாம் போலாம்” என்று வண்டியைத் தட்டினார். விசில் கழுத்தில் சும்மா தொங்கியது. பண்ணைக்காடு தாண்டும் வரைக்கும் ஒரு விசில் சத்தம் கூடக் கேட்கவில்லை.

அதைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், வாழைத்தார் ஏற்றிய லாரி பனிக்குள்ளிருந்து எங்கள் மூக்குக்கு நேரே வந்து நின்றது. நாங்கள்தான் பின்வாங்க வேண்டும். குமரவேல் இறங்கிப் பின்னால் ஓடினார். பின் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

விசில் கேட்டது. விட்டு விட்டு. பேருந்து மெல்லப் பின்னால் போனது. பிறகு ஒன்று, நீளமாக, கணீரென்று. சன்னாசி பிரேக்கை மிதித்தார். லாரி உரசாமல் கடந்துபோனது.

மற்றவர்களாக இருந்தால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வேறு சந்தேகம். வலது கடைவாயில் வைத்து ஊதினால் நல்ல பக்கத்து நரம்பே போதுமே? நான் தொட்ட நரம்பு வேலை செய்கிறதா இல்லையா? இறங்கிப் பின்னால் ஓடினேன்.

மஃப்ளர் கழுத்துக்கு இறங்கியிருந்தது. நினைத்தபடியே விசில் வலது பக்கம்.

“ஏங்க, ரிவ்யூவுக்கு ஏன் வரல?”

அவர் சாலையைப் பார்த்தார். “வந்தா ஊதச் சொல்லுவீங்க. சத்தம் வரலைன்னா உங்க மூஞ்சி அப்படியே வாடிப் போகுதுங்க டாக்டரம்மா. எனக்கு என் மூஞ்சி பழகிப்போச்சு. உங்க மூஞ்சியப் பாக்கத்தான் முடியல. நல்லா வந்தப்பறம் வருவோம்னு இருந்துட்டேன்.”

இத்தனை நாளும் அவர் முகத்தை நான்தான் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதற்காக வந்த வேலையை விட முடியுமா?

“இடது பக்கம் வைங்க. ஊதுங்க.”

“இங்கயா?”

“இங்கதான்.”

வைத்தார். உதடு விசிலைக் கவ்விப் பிடித்தது. ஊதினார். சத்தம் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. என் காதையே நம்பாமல், பழக்க தோஷத்தில், “இன்னொரு தடவ” என்றேன்.

இன்னொரு தடவையும் வந்தது.

ரெண்டு விசில். எங்கள் முதுகுக்குப் பின்னால் கியர் விழுந்தது. பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பிப் பனிக்குள் போய்விட்டது.

“ஏலே… அண்ணே! சன்னாசி அண்ணே!” என்று கத்திக்கொண்டு குமரவேல் பின்னால் ஓடினார், நானும் ஓடினேன். அடுத்த வளைவில் பயணிகள் கூச்சல் போட்டு வண்டி நின்றது. சன்னாசி தலையை வெளியே நீட்டி, “ரெண்டு குடுத்தா எடுக்கத்தானடா செய்வேன்?” என்றார்.

குமரவேல் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். எனக்கும் அடக்க முடியாத சிரிப்பு. நான் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவாக ஏறியிருந்தது.

இப்போது கன்னத்தில் கட்டியோடு யார் வந்தாலும் ஸ்கேனைப் பார்க்கும் முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: “இந்த மொகத்த வச்சு என்ன சோலி பாக்குறீங்க?” நீங்களும் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள். அப்புறம் அவர் ரிவ்யூவுக்கு வரும்போது, உங்கள் முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.