அத்தை சொன்ன விலாசம்

எனக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றது ஆறு, ஆளாக்கியது எட்டு. செத்துப்போன ஓரகத்தியின் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சோறு தின்றன. படித்தது மூன்றாவது வரை. ஆனாலும் எழுத்து வேலை எனக்குப் புதிதில்லை. ஒன்பது வயதிலேயே இன்னொருத்தி மனசை எழுதிக் கொடுத்தவள் நான்.

உலகச் சண்டை நடந்த காலம். பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவின் தங்கை, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாமாவுக்குக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. பெண் பிறந்து மூன்று மாதமாகியும் புருஷன் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாமியார்க்காரி மகனுக்கு வேறு பெண் தேடுகிறாள் என்று சந்தைக்குப் போனவர்கள் சேதி கொண்டுவந்தார்கள். அப்பாவோ, “பொண்ணக் குடுத்தவன் வலியப் போயி நிக்கறதா?” என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அத்தை என்னை மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப்போய் ஒரு தபால் கார்டை நீட்டினாள்.

“எழுது கண்ணு. பொட்டப்புள்ள பொறந்திருக்குது. மூக்கு உங்க மூக்கு. ஒருக்கா வந்து பாத்துட்டு, அப்பறம் என்ன வேணா முடிவு பண்ணுங்க.”

எழுதினேன். விலாசம் கேட்டேன். ஊரைச் சொன்னாள், சுரங்கத்தைச் சொன்னாள். பெயர் மட்டும் வரவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“தீர்த்தமலையில இருக்கற சாமி பேரு,” என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எழுதுகிறவள் சொன்னதைத்தானே எழுத வேண்டும்? அவள் வாயில் வராததை என் பென்சில் சொல்லலாமா? ‘தீர்த்தமலையில் இருக்கும் சாமி பேர் கொண்டவர்’ என்றே எழுதி, கீழே அனுப்புகிற இடமாக எங்கள் ஊரையும் போட்டேன்.

இருபது நாளில் கார்டு திரும்பி வந்தது. தபால்காரர் சைக்கிளைப் பிடித்தபடி உரக்கப் படித்துச் சிரித்தார். “ஏம் பாப்பா, சாமிக்கே கார்டு போட்டுட்டியா? கோலாருக்காரன் தீர்த்தமலையக் கண்டானா?”

அத்தை என்னைத் திட்டவில்லை. “இன்னொரு கார்டு குடுங்கண்ணா,” என்று வாங்கினாள். அவர் போனதும் வாசலை ஒருமுறை பார்த்தாள். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, “எழுது. தீ...” என்றாள்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒவ்வொரு எழுத்தையும் நான் முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். அழித்துவிட்டு, “மறுபடி சொல்லு அத்தை” என்றேன். மறுபடியும் சொன்னாள், முழுசாக: “தீர்த்தகிரி.” தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் மாமா வந்தார். குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். என் கையெழுத்துதான் அவரை வரவைத்தது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அவர் அசந்து தூங்கும்போதுகூட அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கண்ணு பட்டுறப் போவுது,” என்று அம்மா கேலி செய்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்ற பேச்சையெல்லாம் நம்பாததால்தான் அத்தை பெயரைச் சொன்னாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நம்பிக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள். மூச்சு வருகிறதா என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்! நான் எழுத்தை விட்டதற்காக இரண்டு தடவை சொல்ல வைத்தேனே.

இந்தா கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத மேல இருந்து படிச்சுக் காட்டு. விடுவிடுன்னு ஓடாம, நிறுத்திப் படி.