தூக்கிய துடுப்பு

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்பவர்கள் இதை நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில், தொண்ணூற்றேழு கார்த்திகையில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு.

அன்று காலை ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள். வாடைக் காற்று பலமாக வீசும், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று. துறைமுகத்தில் புயல் கூண்டும் ஏற்றியாகிவிட்டது. தேசப்பன் காதில் எதுவும் ஏறவில்லை. முந்தின நாள் போட்ட வலையைக் கடலுக்குத் தாரை வார்க்க மனசில்லாமல், கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார்.

வலையை இழுக்கும்போதே காற்று சட்டென்று நின்றது. பிறகு வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவசரமாகத் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார்.

கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டுமரம். அதில் தங்கை மேகலாவின் புருஷன் கருணாகரன். இவன் எப்போது வந்தான்? துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்திருந்தான்.

கடலில் துடுப்பு உயர்ந்தால், ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் போய் ஆளைத் தூக்கியாக வேண்டும். குப்பத்தின் எழுதாத சட்டம் அது. ஆனால் போனால் இரண்டு பேரும் காலி. தேசப்பன் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையை நோக்கித் துடுப்பு வலித்தார்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது... அந்த மரம் மட்டும் ஆடவே இல்லை.

மறுபடி பார்த்தார். இவ்வளவு வலித்தும் அது சின்னதாகவில்லை. அதே தூரம்.

அவன் வாய் அசைகிறது. காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. சத்தம் மட்டும் வரவில்லை...

அதற்கப்புறம் திரும்பவில்லை.

கரை தட்டியது. தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது? கூனிக் குறுகி இறங்கினார். மரத்தை இழுக்க ஒரு கை வந்து பிடித்தது.

கருணாகரன்.

“இன்னா மச்சான், கூண்டு ஏத்தியும் போய்க்கீறே?”

“நீ... கடலுக்குப் போவல?”

“ரேடியோல சொல்லியும் போவேனா நானு?”

பக்கத்தில் நின்ற மேகலா, “இன்னாண்ணா, மூஞ்சி இப்டி கீது?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘உன் புருஷனை விட்டுட்டு வந்தேன்’ என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது.

மூன்றாம் நாள் கூண்டை இறக்கினார்கள். கரையில் அலை அடங்கியிருந்ததைப் பார்த்துக் கருணாகரன் கிளம்பினான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தேசப்பனே மரத்தைத் தள்ளிவிட்டார். அவர் போகவில்லை. பொழுது சாயும்வரை குப்பத்துக் கோயில் எதிரே உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

நடுக்கடல் அடங்கவே இல்லை. கருணாகரன் திரும்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு விசைப்படகு அவனைக் கொண்டுவந்து சேர்த்தது. மரம் பிரிந்து, ஒற்றைக் கட்டையைப் பிடித்தபடி கிடந்தானாம். உயிர் இருந்தது. மேகலா கட்டிக்கொண்டு அழுதாள். அவன் தேசப்பனைத்தான் பார்த்தான்.

“துடுப்பத் தூக்கிக் காட்னேனே மச்சான்... நீ கிட்டத்தான் போனே. பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினியே...”

“இன்னாய்யா உளர்றே? அண்ணன் நேத்து பொயுதன்னிக்கும் கரையிலதான் குந்திக்கினு இருந்துச்சு!” என்றாள் மேகலா. சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

தேசப்பன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.